ஸ்கந்தபுரத்தில் வைத்திய நூலகம் தேடி

கண்டி வீதியிலே வவுனியாவைக் கடந்து வடக்கே செல்வோர், புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று குளங்களின் பெயரை உச்சரித்துக்கொண்டே செல்ல வேண்டியிருக்கும். வன்னி நாட்டில் குளத்தால் ஊர் வந்ததா, ஊரால் குளம் வந்ததா என வழக்காடத் தேவையில்லை. நீர் நின்ற இடத்திலே மனிதனும் நின்றான். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, வறுத்த கச்சான் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்ட பின்னரே அவ்வழியில் எவரும் மேலே செல்வது வழக்கம். நாமும் அம்மரபை மீறவில்லை. பின்னர் பெருவீதியை விட்டு மேற்கே அக்கராயன் பக்கமாகத் திரும்பினால் வாகனச் சந்தடி அடங்கிவிடுகிறது. வயலும் மேட்டு நிலமும் மாறி மாறி வருகின்றன. பாலை மரங்களும் பனைகளும் ஒன்றையொன்று எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. குளத்துப் பெயர்களுக்கிடையே கந்தப் பெருமானின் பெயர் தாங்கி நிற்கும் குடியேற்றக் கிராமந்தான் ஸ்கந்தபுரம்.

இவ்வூர் பெரிய வரலாற்று நூல்களில் இடம்பெற்றதன்று. ஆயினும் போர்க்காலச் சரித்திரம் எழுதுவோர் இதனைத் தவிர்க்க முடியாது. 1996ஆம் ஆண்டில் கிளிநொச்சி நகரம் போர்க்களமானபோது நகரத்து மக்களிற் பெருந்தொகையினர் அக்கராயன், ஸ்கந்தபுரம் பகுதிகளிலேதான் வந்து தங்கினர். பின்னர் 2008ஆம் ஆண்டின் இறுதியில், அன்று விருந்தோம்பியவர்களே வீடு வாசலைத் துறந்து கிழக்கு நோக்கிப் பெயர நேர்ந்தது. போர் முடிந்த பின் மீண்டவர்கள் காடு மண்டிய வளவுகளைத் துப்புரவாக்கி மறுபடியும் விதைத்தார்கள். இடம்பெயர்ந்து செல்வோர் பையில் எதனைக் கொண்டு செல்வர்? அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பிள்ளையின் தடுப்பூசி அட்டை. புத்தக அலுமாரி பைக்குள் அடங்காது.

இத்தகைய ஊரில் வைத்திய நூலகத்தைத் தேடிச் செல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். சந்தியில் உள்ள தேநீர்க் கடையிலே பிளேன்ரீ அருந்திக்கொண்டு நாம் இதனை விசாரித்தபோது கடைக்காரப் பெரியவரும் சிரித்தார்.

“வைத்திய நூலகமோ? இஞ்சையோ? ஐயா, அது யாழ்ப்பாணத்திலையெல்லோ இருக்கும்!” என்றவர், சட்டைப் பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். “இப்ப எங்களுக்கு எல்லாம் இதுதான்” என்றார்.

அவர் கூறியது இரண்டும் மெய். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. வடமாகாணத்தில் மருத்துவ மாணவர் படிக்கும் நூலகம் அங்கேதான் உள்ளது. கிளிநொச்சியிலிருந்து ஆனையிறவைக் கடந்து 60 கிலோமீற்றருக்கு மேல் செல்ல வேண்டும். இதே பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் கிளிநொச்சிக்குத் தெற்கேயுள்ள அறிவியல் நகரில் இயங்குகின்றன. ஸ்கந்தபுரத்தாருக்கு அவை அயலூர். ஆனால் அவ்வளாகத்தில் மருத்துவக் கல்வி இல்லை. எனவே பெரியவர் மேசைமேல் வைத்த கைத்தொலைபேசிதான் இவ்வூரின் வைத்திய நூலகம். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பதே நாம் ஆராய வந்தது.

எல்லா நோயையும் எடுத்துப் பேசினால் இக்கட்டுரை முடியாது. ஆகவே வயற்புறத்துக்கு உரிய ஒன்றையே உரைகல்லாகக் கொண்டோம்: பாம்புக்கடி. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். வன்னியிலோ அறுவடைக் காலத்தில் வரம்பிலும், இரவில் பாயிலும், வைக்கோற் போரிலும் அதனோடு பழகியே ஆகவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி ஆண்டுதோறும் உலகில் 81,000 முதல் 138,000 வரையான மக்கள் பாம்புக்கடியால் இறக்கின்றனர். 2017ஆம் ஆண்டிலேதான் அந்நிறுவனம் இதனைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் முக்கிய பட்டியலிற் சேர்த்தது. ஏழை உழவனைக் கடிக்கும் பாம்புக்கு உலகத்தின் கவனத்தைப் பெற அத்தனை காலம் பிடித்தது!

பெரியவரின் பேரன் அக்கைத்தொலைபேசியில் ‘பாம்புக்கடி மருந்து’ என்று தமிழில் எழுதித் தேடினான். முதலில் வந்தவற்றுள் ஒரு படக்காட்சி, விஷக்கல்லை ஒட்டவைத்தால் அது நஞ்சை உறிஞ்சிவிடும் என்றது. இன்னொன்று கடிவாயைக் கீறி இரத்தத்தை வெளியேற்றச் சொல்லிற்று. மூன்றாவது கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டுமாறு கூறியது. நான்காவதாக வந்ததே சரியானது. ஆனால் அதனைப் பார்த்தவர் தொகை மற்ற மூன்றையும்விடக் குறைவு.

விஷக்கல்லுக்கு இவ்வளவு புகழ் எவ்வாறு வந்தது? இதற்கான விடை ஒரு கணக்கில் இருக்கிறது. இலங்கை முழுவதிலும் 44,000க்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சென்று நடத்திய ஓர் ஆய்வு 2016ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன்படி இந்நாட்டில் ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாகின்றனர். அவர்களுள் 30,000 பேருக்கே விஷம் ஏறுகிறது. 400 பேர் வரை இறக்கின்றனர். அதாவது கடியுண்டவர் எண்மரில் ஐவருக்கு மருந்தே தேவைப்படாது. விஷமற்ற பாம்பு கடித்திருக்கலாம். விஷப்பாம்பே கடித்தும் நஞ்சைச் செலுத்தாது விட்டிருக்கலாம். அவ்வைவரின் காலில் விஷக்கல்லை வைத்தாலும் உப்புக்கல்லை வைத்தாலும் அவர்கள் பிழைப்பார்கள்; பிழைத்தபின் கல்லின் பெருமையை ஊரெங்கும் உரைப்பார்கள். எஞ்சிய மூவரே கல்லை நம்பிக் காலத்தை இழப்பவர்கள். அவர்களுள் இறந்தோர் திரும்பிவந்து சாட்சி சொல்வதில்லை.

இக்கணக்கைப் பெரியவருக்கு விளக்கினோம். சற்று நேரம் பேசாதிருந்தார். “அப்ப எங்கடை ஆக்கள் கனபேர் சும்மாதான் தப்பினவையோ?” என்று கேட்டார். அக்கேள்வியில் வருத்தம் இருந்ததா, வியப்பு இருந்ததா என எம்மாற் சொல்ல இயலவில்லை.

செய்யத்தக்கவை சிலவே. கடியுண்டவரைத் தேற்றி நடக்கவிடாது வைத்தல். கடியுண்ட அவயவத்தை அசையாது பேணுதல். வீக்கம் வருமுன் மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றுதல். தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல். இறுக்கிக் கட்டலாகாது, கீறலாகாது, வாயால் உறிஞ்சலாகாது. பாம்பைப் பிடிக்க முயன்று இரண்டாவது கடியை வாங்கவும் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச நோயாளர் வண்டிச் சேவை 2018ஆம் ஆண்டு முதல் வடக்கிலும் நடைபெறுகிறது. இவ்விலக்கம் கடையிலிருந்த அனைவருக்கும் தெரிந்திருந்தது எமக்கு மகிழ்ச்சி தந்தது.

இனி, வைத்தியர் பக்கத்துக்கு வருவோம். சிறிய வைத்தியசாலையொன்றில் இரவு கடமையாற்றும் இளம் வைத்தியருக்கும் நூலகம் வேண்டும். அதுவும் அந்தக் கணமே வேண்டும். புடையன் கடித்தால் இரத்தம் உறையுந் தன்மையை இழக்கும். இதனை அறிய விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் தேவையில்லை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய் ஒன்றில் சிறிதளவு இரத்தத்தை விட்டு 20 நிமிடம் அசைக்காது வைத்துப் பின் சாய்த்துப் பார்த்தல் போதும். உறையாது ஓடினால் விஷம் ஏறிவிட்டது என்பது பொருள். குழாய் கண்ணாடியால் ஆனதாக இருத்தல் அவசியம். பிளாஸ்திக்குக் குழாய் ஏமாற்றிவிடும். ஒரு சிறு வாக்கியமாக எங்கோ ஒரு பக்கத்தில் கிடக்கும் இவ்வறிவு, தக்க நேரத்தில் தக்கவர் கைக்கு வந்தால் ஓர் உயிர்.

மற்றொன்றையுங் கூறவேண்டும். இந்தியாவிலிருந்து வரவழைக்கப்படும் விஷமுறிவு மருந்து நாகம், எட்டடி விரியன், புடையன், சுருட்டை ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராகச் செய்யப்பட்டது. அம்மருந்தே சில நோயாளருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். இதனைத் தடுப்பதெப்படி என்று இலங்கை வைத்தியர்கள் 1,007 நோயாளரை வைத்து ஆராய்ந்தனர். மருந்து ஏற்றுமுன் மிகக் குறைந்த அளவு அதிரினலின் கொடுத்தபோது, முதல் ஒரு மணி நேரத்தில் ஏற்படும் கடும் ஒவ்வாமை 43 வீதம் குறைந்தது. வழக்கமாகக் கொடுத்துவந்த வேறிரு மருந்துகளாற் பயன் விளையவில்லை. அவற்றுள் ஒன்று அதிரினலினின் நன்மையையும் கெடுத்தது. இம்முடிவு 2011ஆம் ஆண்டில், எவரும் பணமின்றி வாசிக்கத்தக்க ஒரு சர்வதேசச் சஞ்சிகையில் வெளியாயிற்று. இலங்கை மண்ணிற் கிடைத்த அறிவு, உலகைச் சுற்றி, இலவசமாக இலங்கைக் கிராமத்துக்குத் திரும்பியது.

எல்லா ஆய்வுக்கும் இத்தகைய பேறு கிட்டுவதில்லை. பல சஞ்சிகைகள் ஒரு கட்டுரைக்கே 30, 40 டொலர் கேட்கின்றன. நம் நாணயத்தில் அது ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய்! மாதக் கடைசியில் எந்த இளம் வைத்தியர் இதனைக் கொடுத்து வாசிப்பார்? வறிய நாடுகளின் மருத்துவ நிலையங்களுக்காக உலக சுகாதார நிறுவனம் பதிப்பாளர்களோடு பேசி 2002ஆம் ஆண்டில் ‘ஹினாரி’ என்னுந் திட்டத்தைத் தொடங்கியது இக்காரணத்தாலேயே. நம் நாட்டிலே 1887 முதல் வெளிவரும் இலங்கை மருத்துவச் சஞ்சிகையும், யாழ்ப்பாண மருத்துவச் சங்கத்தாரின் சஞ்சிகையும் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இதனைப் பாராட்டவே வேண்டும்.

கட்டுரைகள் கிடைத்தாலும் அவற்றைக் கண்டுபிடிக்க ஓர் அட்டவணை வேண்டும். உலகில் வெளியாகும் மருத்துவக் கட்டுரைகளையெல்லாம் பொருள் வாரியாக நிரைப்படுத்தும் வேலையை 1879ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவ வைத்திய நூலகத்தின் தலைவராயிருந்த ஜோன் ஷா பில்லிங்ஸ் என்பவர் ‘இன்டெக்ஸ் மெடிக்கஸ்’ என்ற பெயரில் ஆரம்பித்தார். பருத்த அத்தொகுதிகளைப் புரட்டாது மருத்துவ ஆராய்ச்சி இல்லை என்றிருந்தது. அதன் அச்சுப்பதிப்பு 2004ஆம் ஆண்டுடன் நின்றது. அதன் வாரிசாகிய ‘பப்மெட்’ 1997 முதல் எவருக்கும் இலவசம். பில்லிங்ஸ் காலத்தில் பெருநகரத்துப் பேராசிரியருக்குக் கிட்டாத வசதி இன்று அக்கராயன் குளக்கட்டில் நிற்பவனுக்கும் உண்டு. ஒரேயொரு தடை: அவ்வட்டவணைக்குத் தமிழ் தெரியாது.

தமிழில் மேனாட்டு மருத்துவம் முடியாத காரியமா? முடியும் என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே காட்டியவர் ஒருவர் ஈழத்தில் வாழ்ந்தார். அமெரிக்க மிஷன் வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயைத் தமக்கு இருப்பிடமாகக் கொண்டார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், பின்னர் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கத் துணிந்தார். கற்பிக்க நூல் வேண்டுமல்லவா? தாமும் தம் மாணாக்கருமாக அமர்ந்து மொழிபெயர்த்தார்கள். பிரசவ வைத்தியம் 1857இலும், இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் 1883இலும் அச்சேறின. 1873இல் நாடு திரும்பிய பின்னரும், அமெரிக்காவில் வூஸ்டர் நகரிலிருந்து கொண்டே தமிழ்ப் பிரதிகளைத் திருத்திக்கொண்டிருந்தார், 1884இல் மறைந்தார். கடிதங் கப்பலேறிப் போய்வர மாதக்கணக்காகும் காலத்தில் ஒரு மருத்துவ நூலின் படி இரு கண்டங்களுக்கிடையே போய்வந்தது என்பதை எண்ணும்போது, நொடிப்பொழுதில் அனுப்பும் நாம் எத்தனை நூல் செய்தோம் என்ற கேள்வி எழாமலில்லை.

கிறீனுக்குப் பின் மருத்துவக் கல்வி முற்றாக ஆங்கிலத்துக்கு மாறிற்று. அவருடைய நூல்கள் அலுமாரிகளில் உறங்கின. 1967ஆம் ஆண்டு கவிஞர் அம்பி ‘கிறீனின் அடிச்சுவடு’ என்னும் நூலால் அவரை நினைவூட்டினார். தமிழரின் பழைய வைத்திய வாகடங்களுக்கும் இதே கதிதான். யாழ்ப்பாண மன்னர் காலத்ததாகக் கருதப்படும் பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை அரிதின் முயன்று பதிப்பித்திராவிட்டால் அது ஏட்டிலேயே செல்லரித்திருக்கும். ஏடு தப்பினால் தீ உண்டு. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு மூட்டிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய சுவடிகளும் சாம்பராயின. அவற்றுள் எத்தனை வாகடங்கள் இருந்தனவோ!

அந்நெருப்பின் சூடு ஆறாத தலைமுறையினர்தாம் 2005ஆம் ஆண்டில் இணையத்திலே ‘நூலகம்’ என்ற மின்னூலகத்தைத் தோற்றுவித்தனர். ஈழத்துத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் ஆகியவற்றைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்துச் சேர்த்து வருகிறார்கள். சுகாதாரச் சஞ்சிகைகளும் சித்த வைத்திய நூல்களும் அங்கே உள. கட்டணம் எதுவுமில்லை. இடம்பெயரும்போது பைக்குள் அடங்காத அலுமாரி இது; பைக்குள் வைக்கவேண்டிய தேவையும் இல்லை. எனினும் பழைய வாகடத்தை வாசிப்போர் ஒன்றை மறக்கலாகாது. அது நம் முன்னோரின் அறிவுக்குச் சான்று. நள்ளிரவில் எட்டடி விரியன் கடித்தவருக்கு அது சிகிச்சையாகாது. அக்கடி பெரும்பாலும் வலிப்பதுமில்லை. பாயிற் படுத்திருப்பவர் வயிற்றுவலியென்று எழுந்திருப்பார்; கண்ணிமைகள் தளரும்; பின்னர் மூச்சு அடங்கும். அவருக்கு வேண்டியது வைத்தியசாலை.

ஸ்கந்தபுரத்துப் பாடசாலை மாணவர் சிலரையும் சந்தித்தோம். உயர்தர வகுப்புக்குச் செல்லவிருக்கும் மாணவி ஒருத்தி எம்மிடம் கேட்ட கேள்வி, பேராசிரியர்கள் மாநாடு கூட்டி ஆராயவேண்டியது.

“ஐயா, புடையன் எண்டு போட்டுத் தேடினால் ஏன் ஒண்டும் சரியா வருகுதில்லை?”

காரணம் இதுதான். தமிழில் இணையத்திலுள்ள பாம்புக்கடிக் குறிப்புகளிற் பெரும்பாலானவை தமிழ்நாட்டில் எழுதப்பட்டவை. நம்மவர் முத்திரைப்புடையன் என்பதை அங்கே கண்ணாடி விரியன் என்பர். நாம் எட்டடி விரியன் என்பதை அங்கே கட்டுவிரியன் என்பர். நாகபாம்பு அங்கே நல்ல பாம்பு. பெயர் தெரியாதவனுக்கு அறிவு வாயிலிலேயே நின்றுவிடுகிறது. இதைவிட ஆபத்தான குழப்பமும் உண்டு. விரியன் என்னும் பெயர் பூண்ட எட்டடி விரியன் உண்மையில் விரியன் இனத்தைச் சேர்ந்ததே அன்று. புடையனின் நஞ்சு இரத்தத்தைத் தாக்கும். எட்டடி விரியனின் நஞ்சு நரம்பைத் தாக்கும். “விரியன் கடிச்சிட்டுது” என்று மட்டும் உறவினர் கூறினால் வைத்தியர் எதனை எதிர்பார்த்து நிற்பார்? கோப்பி விரியன் என்றொரு சிறு பாம்பு வேறு இருக்கிறது. வரவழைக்கப்படும் விஷமுறிவு மருந்து அதற்கு வேலை செய்யாது.

மேனாட்டு மருத்துவ நூலகர்கள் இச்சிக்கலைத் தீர்க்க 1960ஆம் ஆண்டில் ஒரு சொற்பட்டியலை அமைத்தனர். ஒரு பொருளுக்கு எத்தனை பெயர் இருப்பினும் அவையெல்லாம் ஒரே தலைப்பின்கீழ்ச் சென்று சேரும். தேடுபவர் எப்பெயரைச் சொன்னாலும் உரிய கட்டுரைகள் வந்துவிடும். தமிழுக்கு அத்தகைய பட்டியலொன்றை எவர் செய்வது? கிறீன் தம் காலத்தில் இதனையொத்த வேலையைத்தான் செய்தார். தமிழ்ச் சொல் கிடைத்தால் தமிழ், இல்லையேல் வடமொழி, அதுவும் பொருந்தாவிடின் ஆங்கில ஒலி என்ற முறையிலே கலைச்சொற்களை வகுத்தார். ஆனால் அவர் வகுத்தவை மாணாக்கருக்கு உரியவை. வயலில் வழங்கும் பெயர்களை வயலில் நிற்பவரே சொல்ல வேண்டும்.

இதனைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மாணவி அப்பியாசக் கொப்பியைத் திறந்து மூன்று நிரல் வரைந்துவிட்டாள். முதலாவதில் ஊர்ப் பெயர், இரண்டாவதில் தமிழ்நாட்டுப் பெயர், மூன்றாவதில் ஆங்கிலப் பெயர். பக்கத்திலிருந்த முதியவர் இருவரை அழைத்து ஒவ்வொன்றாக விசாரித்தாள். அவர்கள் எட்டடி விரியனுக்கு மட்டும் எண்ணெய் விரியன், கருவேலங்குட்டியன் என்று மேலும் இரு பெயர்களைச் சொன்னார்கள். கடித்தபின் எட்டடி நடக்குமுன் விழுந்துவிடுவார் என்று பெயருக்குக் காரணமும் கூறினார்கள். அவள் அதனையும் எழுதி, ‘உண்மையில் பல மணி நேரம்’ என்று அருகிலே குறித்தாள். சுருட்டையின் அடையாளத்தில் முதியவர் இருவருக்கும் இணக்கம் ஏற்படவில்லை. ஒருவர் தலையிலுள்ள குறியைச் சொன்னார். மற்றவர் அது எழுப்பும் ஓசையைச் சொன்னார். நாம் பஸ் வண்டிக்குப் புறப்படும்வரை விவாதம் ஓயவில்லை. கொப்பியில் அந்த ஒரு கட்டம் மட்டும் வெறுமையாகவே இருந்தது.